மிச்ச மெழுகு

மெழுகை வெயிலேறிய பிறகு சுரண்டக் கூடாது. விடியற்காலையில் தரை குளிர்ந்து கிடக்கும்போது, பழைய தோசைத் திருப்பியைப் படுக்கவைத்துத் தள்ளினால் வில்லை வில்லையாகப் பெயர்ந்து வரும். பத்து மணிக்கு மேல் அதே மெழுகு பசையாகிக் கல்லின் கண்ணுக்குள் இறங்கிவிடும். அப்புறம் வெந்நீர், கந்தைத் துணி, முழங்கால் வலி. 34 வருஷம் கோயில்பிள்ளையாக இருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் இதுதான் வாயில் வரும். ஞானம் பேசச் சாமியார்கள் இருக்கிறார்கள்.

கோயில்பிள்ளை என்பது தென்மாவட்டங்களில் மனிதர்களுக்கு வைக்கிற பெயர். எங்கள் வீட்டில் அது வேலை. கதவைத் திறப்பது, மணியடிப்பது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, முடிந்ததும் கழுவி வைப்பது, பூட்டுவது. மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்பா இதையே செய்தார். சம்பளம் பெயருக்கு, அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு வீடு கொடுக்கிற நெல்தான் சாப்பாடு. துக்க மணியை அவர் அடிக்கிற விதத்திலேயே, போனது பெரியவரா பிள்ளையா என்று வயலில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் பிறந்தது 1958. பூசை லத்தீனில் நடந்தது எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. சாமியார் முதுகைக் காட்டி நிற்பார். அர்த்தம் தெரியாத பதில்களை அப்பா கணீரென்று சொல்வார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் முடிந்தது. அடுத்த சில வருஷங்களில் பீடம் சுவரை விட்டு முன்னால் நகர்ந்தது, சாமியார் எங்களைப் பார்த்துத் திரும்பினார், பூசை தமிழுக்கு வந்தது. அப்பாவுக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, சின்ன வருத்தமும் இருந்தது. "இனிமே எல்லாருக்கும் பதில் தெரியும். நான் எதுக்கு?" என்றார். அவர் இல்லாமல் பூசைக்கு மணி அடித்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

*

பீர்க்கன்கரணைக்கு நான் 1988-ல் வந்தேன். தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் பெருங்களத்தூருக்கு முன்னால் ஏரியை ஒட்டி இருக்கிற ஊர். அப்போது ஏரிக்காற்று கோயில் வாசல்வரை வரும். இன்று 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஏரி இருக்கிறது, காற்றை மாடிகள் வாங்கிக்கொள்கின்றன.

பூர்விக ஊர்க்காரர்கள் என்று எங்கள் பங்கில் அதிகம் பேர் கிடையாது. 1931-லேயே தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்துவிட்டது; ரயில்வேக்காரர்கள் அதன் பின்னால் வந்தார்கள். விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் ஓய்வுபெற்று இங்கேயே மனை வாங்கினார்கள். 1984-ல் மெப்ஸ் என்ற ஏற்றுமதி மண்டலம் வந்தபிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி, திருச்சிப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் ஏற்றுமதிக் கம்பெனிகளில் தைக்க வந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க் கோயிலை மனத்தில் சுமந்துகொண்டு வந்தார்கள். ஒருவருக்குப் பனிமய மாதா, ஒருவருக்கு அந்தோனியார், இன்னொருவருக்குச் சவேரியார். செவ்வாய் அந்தோனியாருக்கு, புதன் சதாசகாய மாதாவுக்கு, சனி ஆரோக்கிய அன்னைக்கு என்று வாரத்தைப் பங்கிட்டு எல்லாரையும் ஒரே கூரைக்குள் சமாதானமாக வைத்திருந்தோம். இப்போது ஞாயிறு பிற்பகலில் ஜார்க்கண்ட், ஒடிசாப் பையன்கள் கட்டட வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார்கள். தமிழ் தெரியாது. எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்பது தெரியும். லத்தீன் பூசையில் எங்கள் பாட்டிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்களுடையது சாதாரணப் பங்குக் கோயில். ஆனால் திருத்தலங்களுக்குப் போகிற வழியில் இருக்கிறது. வடக்கே பறங்கிமலை, தோமையார் உயிர்விட்ட இடம் என்பது நம்பிக்கை. போர்த்துகீசியர் 1523-ல் கட்டிய கோயிலில், 1547-ல் கிடைத்த கற்சிலுவை பஹ்லவி எழுத்தோடு பீடத்தில் நிற்கிறது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படிகளில் எங்கள் பங்கு மக்கள் சிலுவைப்பாதை செய்துகொண்டு ஏறுவார்கள். கடற்கரைப் பக்கம் 1972-ல் தொடங்கிய பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில். தெற்கே இதே சாலையில் அச்சிறுபாக்கம் மழை மலை மாதா. அதையும் தாண்டி, இங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போனால், 1962-ல் பசிலிக்கா ஆன வேளாங்கண்ணி. ஆகஸ்ட் பிறந்தால் இந்தச் சாலையின் நிறமே மாறும்.

*

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் காவி உடுத்தி, கழுத்தில் ஜெபமாலை போட்டு, தள்ளுவண்டியில் மாதா சுரூபத்தை வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். ராயபுரம், காசிமேடு, புளியந்தோப்பு என்று நகரத்தின் வடக்குக் கோடியிலிருந்து கிளம்பி வருகிற கூட்டம் எங்கள் வாசலுக்கு வரும்போது முதல் நாள் களைப்பில் இருக்கும். முதல் நாள் களைப்பு மோசமானது. உடம்பு இன்னும் பழகியிருக்காது, ஊர் இன்னும் பக்கத்திலேயே இருக்கும், மின்சார ரயிலேறினால் இரவுக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

அவர்களுக்கு மோர், எலுமிச்சைச் சாதம் எல்லாம் பங்கின் அன்பியக் குழுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். என் வேலை மூன்று: கழிப்பறைத் தொட்டியை நிரப்பிவைப்பது, இரண்டு அண்டாவில் கல்லுப்புப் போட்ட வெந்நீர் வைப்பது, கோயில் வராந்தாவில் ஜமக்காளம் விரிப்பது. வெந்நீரில் காலை வைத்ததும் பெரிய மனிதர்கள் குழந்தைபோல ஒரு சத்தம் போடுவார்கள். கொப்புளத்தைக் குத்தக் கூடாது என்று சொன்னால் யாரும் கேட்டதில்லை. ஒருமுறை நெற்றி நிறையக் குங்குமம் வைத்த அம்மா ஒருத்தி, காலைத் துடைத்துக்கொண்டே, "எங்க வூட்ல நாங்க மாரியாத்தா கும்புடறவங்க. இவ கேட்டா, நான் வரேன்னேன்" என்றாள். யார் கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை. மாதாவாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியாகவும் இருக்கலாம்.

நடக்க முடியாதவர்கள் பெருங்களத்தூர் நிறுத்தத்தில் பஸ் பிடிப்பார்கள். தெற்கே போகும் கூட்டத்துக்கு அதுதான் வெகுகாலம் கடைசி வாசல். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு மூட்டையோடு நிற்கிற அந்தக் கூட்டம் குறைந்தது. நடக்கிறவர்கள் குறையவில்லை.

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள். எங்கள் கோயிலிலும் சின்ன அளவில் இதே நாட்களில் விழா. வெளியிலிருந்து பார்த்தால் கொடியேற்றம் இரண்டு நிமிஷக் காரியம். கோயில்பிள்ளைக்கு அது ஒரு வாரத்துத் தூக்கம் போகிற வேலை. கொடி பாதியில் சிக்கிக்கொண்டால் ஊரே அபசகுனம் என்று பேசும். முன்னாடியே ஆளை ஏற்றிக் கப்பிக்குக் கிரீஸ் வைக்க வேண்டும், கயிற்றில் பிரி கிளம்பியிருக்கிறதா என்று கையால் உருவிப் பார்க்க வேண்டும். கொடியைச் சுருட்டும்போது உள்ளே பூவிதழ் வைத்து, ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போட வேண்டும். உச்சியில் கொடி விரிந்து பூ கொட்டும்போது எல்லாரும் மேலே பார்ப்பார்கள். நான் முடிச்சைப் பார்ப்பேன்.

தேர் அன்று காவல்நிலையத்தில் அனுமதி, மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தல், முன்னால் மூங்கிலோடு போய் கேபிள் ஒயரைத் தூக்கிப்பிடிக்க இரண்டு பேர். 1990-களில் தூக்க வேண்டியிருந்தது தந்திக்கம்பியும் மாமரக் கிளையும். இப்போது தெருவுக்கு இருபது ஒயர். நம் ஊர் வளர்ந்ததைத் தேரின் முன்னால் மூங்கில் பிடித்தவனைக் கேட்டால் சரியாகச் சொல்வான்.

*

விழாவை எல்லாரும் பார்த்திருப்பார்கள். சக்ரீஸ்துக்குள், அதாவது பூசைச் சாமான் அறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

அப்பம் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும்தான். கன்னியர் மடத்தில் சுட்டு வாங்குவோம். மழைக்காலத்தில் ஈரம் பட்டு நமுத்துவிடும், காற்றுப் புகாத டப்பா வேண்டும். எத்தனை எடுத்துவைப்பது என்பது கணக்கு இல்லை, மூக்கு. மழையா, பரீட்சை மாதமா, முகூர்த்த நாளா, முதல் வெள்ளியா என்று பார்த்துத் தட்டில் கொட்ட வேண்டும். உடுப்பின் நிறம் அடுத்தது: தவக்காலத்துக்கு ஊதா, மறைசாட்சிகளுக்குச் சிவப்பு, விழாவுக்கு வெள்ளை, மற்ற நாளுக்குப் பச்சை. வருஷத்தில் இரண்டே ஞாயிற்றுக்கு ரோஜா நிறம். அந்த உடுப்பை ஞாபகமாக எடுத்து வைத்திருந்தால் கோயில்பிள்ளை தேறிவிட்டான் என்று அர்த்தம்.

பூசையில் விரிக்கிற திருமேனித்துகிலை மற்ற துணியோடு போட்டு அலசக் கூடாது. முதல் அலசல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. மண்ணில்தான் ஊற்ற வேண்டும். அப்பத்தின் துகள் ஒன்று ஒட்டியிருந்தாலும் அது கால் மிதிபடக் கூடாது என்பதற்காக. எங்கள் கோயிலின் பின்பக்கம் ஒரு நந்தியாவட்டைச் செடி அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தது. சுற்றிலும் சிமெண்ட் போட வந்தபோது அந்த ஒரு முழ மண்ணுக்காக நான் மேஸ்திரியோடு சண்டை போட்டேன். "ஒரு செடிக்காகவா அண்ணே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முழுவதையும் விளக்கினால் இன்னும் நேரமாகும்.

என் தப்பையும் சொல்ல வேண்டும். விபூதிப் புதனுக்கு, போன வருஷத்துக் குருத்தோலைகளை வீடுவீடாக வாங்கி எரித்து, இடித்து, துணியில் சலித்துச் சாம்பல் எடுப்போம். நான் வந்த மறுவருஷம், காற்றடித்தால் சாம்பல் பறக்கிறதே என்று புத்திசாலித்தனமாக இரவே தண்ணீர் விட்டுக் குழைத்துவைத்தேன். பூசை முடிந்து ஒரு மணி நேரத்தில் நாலைந்து பேர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். சிலுவை வடிவிலேயே தோல் சிவந்திருந்தது. சாம்பலில் தண்ணீர் சேர்ந்தால் காரம் கிளம்பும். என் பாட்டி சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்ததும், அழுக்குத் துணியைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்ததும் அந்தக் காரத்தை நம்பித்தான். வீட்டில் தெரிந்த விஷயம் கோயிலுக்குள் வந்ததும் மறந்துபோனது. சாமியார் திட்டவில்லை, தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தார். நாலு வீட்டுக்கும் நடந்து போய்த் தடவிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு சாம்பல் உலர்ந்தபடியேதான்.

இன்னொரு பொறுப்பு பூசைக் கருத்து நோட்டு. செத்தவர்களின் நினைவுக்கும், வேண்டுதலுக்கும், நன்றிக்கும் பூசை ஒப்புக்கொடுக்க வருகிறவர்களின் பெயரையும் கருத்தையும் நான் எழுதிக்கொள்வேன். 1990-களில் அதில் வேலை, வீட்டுமனைப் பட்டா, பெண்ணின் கலியாணம். பிறகு குவைத் விசா, மென்பொருள் கம்பெனி. அப்புறம் குழந்தைப்பேறு, சிறுநீரகம், தவணை. வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்தில் எழுதி நீட்டுவார்கள். நான் அதை "குடும்ப சமாதானம்" என்று மாற்றி எழுதுவேன். மைக்கில் வாசிக்கும்போது அப்படி நாலைந்து குடும்ப சமாதானம் வரும். எது எது என்று எனக்குத் தெரியும். தெருவில் பார்த்தால் தெரியாதவன்போல் நடக்க வேண்டும். இந்தத் தொழிலில் அதைத்தான் கஷ்டம் என்பேன்.

ஞாயிறுதோறும் வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் முடியாதவர்களின் வீட்டுக்கு அரிசி எடுத்துப் போவார்கள். சானடோரியத்துக்கும் போவோம். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம்; அந்த மருத்துவமனையின் பேரில்தான் ரயில் நிலையமே இருக்கிறது. சாமியார் நற்கருணை கொண்டுபோவார், நான் பின்னால் ரொட்டிப் பொட்டலம். இரண்டையும் ஒருவரே வாங்கிக்கொள்ளும்போது முகத்தில் வித்தியாசம் தெரியாது.

*

கெபியின், அதாவது சுரூபக் குகையின் முன்னால் ஏற்றிய திரிகளிலிருந்து சுரண்டிய மெழுகை நான் எறிந்ததில்லை. தகர டிரம்மில் சேர்த்துவைத்தால் பழைய மெழுகு வாங்குகிறவர் ஆறு மாதத்துக்கொரு முறை வருவார். எடை போட்டுக் காசு கொடுப்பார். அந்தக் காசில் விளக்குமாறு, பினாயில். 2015 நவம்பரில் அவர் வரவேண்டிய முறை. மழையால் வரவில்லை. இரண்டு டிரம் நிறைந்து நின்றது.

டிசம்பர் 1 அன்று பெய்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. மறுநாள் காலைவரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செண்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் முதல் மாடிக்குப் படகு. எங்கள் கோயில் கொஞ்சம் மேடு. தண்ணீர் இரண்டாவது படியில் நின்றது. இரவு எத்தனை மணி என்று தெரியாது, சாமியாரும் நானும் நற்கருணைப் பேழையைத் திறந்து பாத்திரத்தை மாடிக்குக் கொண்டுபோனோம். இரண்டாவது நடையில் ஞானஸ்நானப் பதிவேடுகள். முப்பது வருஷம் கழித்து ஒருவன் வந்து தான் பிறந்ததற்கு ஆதாரம் கேட்பான். அதை நனைய விடக் கூடாது. மூன்றாவது நடைக்குள் மண்டபத்தில் ஜனங்கள் நிறைந்துவிட்டார்கள். யார் எந்த மதம் என்று கேட்க இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

மின்சாரம் நாட்கணக்கில் வரவில்லை. கடையில் மெழுகுத்திரி முதல் நாளே தீர்ந்தது. என் மனைவிதான் டிரம்மைக் காட்டினாள். எனக்குத் தயக்கம். "இதெல்லாம் யார் யாரோ வேண்டிக்கிட்டு ஏத்துனதும்மா" என்றேன்.

"ஏத்துனது எரியத்தானே?" என்றாள்.

அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் பால் பவுடர் டப்பாவை இறக்கி மெழுகை உருக்கினோம். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். என் பழைய வேட்டியைக் கிழித்துத் திரித்துத் திரி, ஊற்றுவதற்குக் கொட்டாங்குச்சி. மண்டபத்துக்கு நாலு, கழிப்பறைக்கு ஒன்று, மருந்து வைத்திருந்த மேசைக்கு இரண்டு. மிச்சத்தைத் தெருக்காரர்கள் முழங்கால் தண்ணீரில் எடுத்துப்போனார்கள். வெள்ளை, மஞ்சள், ஊதா எல்லாம் கலந்து அந்த மெழுகு ஒரு மாதிரி சாம்பல் நிறம். புகையும் அதிகம். அந்தப் புகையில் ஒரு குழந்தைக்குத் தாய் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பூசைக் கருத்து நோட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் குழந்தை வேண்டி எழுதிவிட்டுப் போனவள் அவள். குழந்தை பிறந்தபிறகு நன்றிக்கு அவள் ஏற்றியிருந்தால் அதுவும் அந்த டிரம்மில்தான் இருந்திருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

*

2020 பரிசுத்த வாரத்தில் ஊரடங்கு. கோயிலுக்குள் நாங்கள் மூன்று பேர். பெரிய வியாழன் இரவு மணியை நிறுத்தி, மரப்பலகையைத் தட்டி, ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில் மறுபடி மணியடிப்பது வழக்கம். அந்த வருஷம் என் கையில் மணிக்கயிற்றுக்குப் பதில் செல்போன்; சாமியாரைப் படம்பிடித்து வீடுகளுக்கு அனுப்ப வேண்டும். பாஸ்கா திரியில் வருஷத்தின் நான்கு எண்களை அவர் கீறும்போது அந்தச் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. அடுத்த நாள் விடியற்காலையில் பழக்கத்தில் தோசைத் திருப்பியோடு கெபிக்குப் போனேன். சுரண்ட ஒன்றும் இல்லை. நான் வேலைக்கு வந்ததிலிருந்து அந்தத் தரை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

2022-ல் சாவிக்கொத்தைக் கொடுத்தேன். என் இடத்துக்கு வந்தவன் முப்பது வயசுக்காரன். மணிக்கு டைமர் வைத்த மின்கருவி, கருத்து நோட்டுக்குக் கணினி. அவனிடம் கிரீஸ், ரோஜா உடுப்பு, உலர்ந்த சாம்பல், நந்தியாவட்டைச் செடி என்று நான்கையும் சொன்னேன். மற்றதெல்லாம் அவனே தப்புப் பண்ணித் தெரிந்துகொள்வான்.

போன வருஷம் விழாக் காலத்தில் ஒரு திருத்தலத்துக்கு யாத்திரிகனாகப் போனேன். சாவி இல்லாமல், அவசரம் இல்லாமல், வரிசையில் நின்று, மனைவியின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக ஒரு திரி ஏற்றினேன். கூட்டம் நெருக்கியது. இரண்டு எட்டு நகர்வதற்குள் பணியாளர் ஒருவர், கையுறை போட்ட பையன், என் திரியை ஊதி அணைத்து, பிடுங்கி, பக்கத்து டிரம்மில் போட்டான். பின்னால் வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமே. 34 வருஷமாக நானும் இதையேதான் செய்தேன். எத்தனை ஆயிரம் திரி என்று கணக்கில்லை. ஏற்றியவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்களா என்று அதுவரை யோசித்ததே இல்லை.

"தம்பி" என்றேன். அவன் நிமிர்ந்தான். இன்னும் ஒரு நிமிஷம் எரியவிட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முழங்கை வரைக்கும் மெழுகு தெறித்துக் காய்ந்திருந்தது.

"காலையில சுரண்டு. வெயிலேறுறதுக்கு முன்னாடி" என்றேன்.